வந்துச்சா என்று மட்டும் கேட்டவர்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் கம்பி அண்ணன். கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து வைப்பது அவர் வேலை. கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பார். வந்தால் நாலு பேரைக் கிண்டல் செய்யாமல் போகமாட்டார். கீழ் வார்டில் நர்ஸாக இருந்த தங்கைக்கு மட்டும் அவர்மேல் ஒரு குறை: எதிலும் அவசரம்.

பெண்கள் வார்டுகள் இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டிலும் நோயாளிகளின் பேர் ஸ்டிக்கர் அடிக்கும் பிரிண்டருக்குப் பக்கத்தில் பிரிண்ட் சர்வர் என்ற சின்னப் பெட்டி உண்டு. மின்சாரம் வந்ததும் அது தலைமைக் கணினியிடம் ஒரு நெட்வொர்க் முகவரி வாங்கிக்கொள்ளும். அந்த முகவரிக்குத்தான் ஸ்டிக்கர்கள் போகும். இந்தப் பெட்டிக்கு இந்த முகவரிதான் என்று அவர் கட்டிப்போட்டிருக்கலாம். "தானா எடுத்துக்கும், விடு" என்று விட்டிருந்தார்.

அன்று காலை மின்சாரம் போய் வந்தது. தலைமைக் கணினியும் அணைந்து எழுந்ததில், யாருக்கு எதைக் கொடுத்திருந்தோம் என்பதே அதற்கு நினைவில்லை. முதலில் விழித்த மேல் வார்டுப் பெட்டிக்குக் கீழ் வார்டின் முகவரி போனது. மேல் வார்டின் முகவரி கீழே வந்தது. எங்கும் ஒரு சிவப்பு விளக்குகூட எரியவில்லை.

அவர் கீழ் வார்டுக்கு ஒரு சோதனை ஸ்டிக்கர் அனுப்பிவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தார்.

"வந்துச்சா?"

"வந்துட்டே இருக்குண்ணா. வை, கை ஒழியல."

என்ன வந்தது என்று அவர் கேட்கவில்லை. அவளும் படிக்கவில்லை. வந்ததைக் கிழித்து, ரத்த வகை பார்க்க எடுத்த சாம்பிள் குழாயில் ஒட்டுவதுதான் அங்கே பழக்கம். தன் வார்டில் வருவது தன் நோயாளியுடையதுதானே.

மதியம் கேன்டீனில் மேல் வார்டு ஆயா அவரைப் பிடித்துக்கொண்டாள். "என்ன தம்பி, கீழ் வார்டு சோதனைன்னு எங்க பிரிண்டர்ல சீட்டு வருது? மாடி எது தரை எதுன்னே மறந்து போச்சா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் டம்ளரை வைத்துவிட்டு ஓடினார்.

கீழ் வார்டில், அறுவை முடிந்து படுத்திருந்த தையல்காரம்மாவின் கையில் தங்கை ரத்தப் பையை இணைத்துக்கொண்டிருந்தாள்.

"திறக்காத!"

"ஏன்ணா கத்துற? பையில இவங்க பேர்தான். பார்த்துட்டேன்."

"பேர் இவங்களோடது. அந்த ஸ்டிக்கர் வந்தது மாடில. அங்க வேற ஒரு நோயாளியோட சாம்பிள் குழாய்ல ஒட்டிட்டாங்க. இது அவங்களுக்குச் சேர்ற ரத்தம்."

அவள் பையைக் கழற்றினாள். "அப்போ நான் இவங்ககிட்ட எடுத்தது… எந்தப் பேர்ல போச்சு? சேராத ரத்தம் ஏறினா முதல்ல குளிர்தான் எடுக்கும்ணா!"

அவர் அதற்குள் படியேறிக்கொண்டிருந்தார்.

மேல் வார்டு நர்ஸ் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "என்னண்ணே, பேய் துரத்துதா?" அவர் பார்வை போன திக்கில் அவளும் பார்த்தாள். சன்னலோரக் கட்டிலுக்கு மேலே தொங்கிய பை பாதி வற்றியிருந்தது.

"பேர் சரிபார்த்துத்தான் போட்டேன்," என்றாள். "குளிருது குளிருதுன்னாங்க. இப்பதான் இன்னொரு போர்வை போத்திவிட்டேன்."