முன்னதாகத் திறந்த உலை

முனைவர் உதயகுமாரை வெறுக்கக்கூடச் சங்கரிக்கு மனம் வரவில்லை. வெறுப்பதற்கும் ஆளிடம் கொஞ்சம் சரக்கு வேண்டும். காரின் பின்கண்ணாடியில் 'டாக்டர்', வீட்டு வாசலில் 'டாக்டர்', டிபன் பாக்ஸ் மூடியில்கூட 'டாக்டர்'. ஆய்வகத்தில் எந்தக் குழாயைத் திருகினால் ஆக்சிஜன் வரும் என்பது மட்டும் தெரியாது.

சங்கரி காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண். பி.எஸ்சி. வேதியியல் முடித்து, நெடுஞ்சாலையோரத் தனியார் பொறியியல் கல்லூரியில் பதினோரு வருடமாக லேப் அசிஸ்டென்ட். வருடா வருடம் ஒப்பந்தம். இட்ரியம், பேரியம், செம்பு மூன்றையும் ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் வருமாறு பொடிகளை நிறுத்து, அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுடுவது அவள் வேலை. நன்றாக வந்தால் அந்தக் கறுப்பு வில்லை திரவ நைட்ரஜன் குளிரில் மின்தடையே இல்லாத மீகடத்தி ஆகும். மேலே வைத்த காந்தம் அந்தரத்தில் நிற்கும். ஆனால் கடைசியில் எல்லாம் ஆக்சிஜன் கையில்தான். சுட்ட வில்லையை ஆக்சிஜன் ஓட ஓட மெல்ல ஆறவிட வேண்டும். அதே கணக்கில் ஆக்சிஜனின் பங்கு ஏழுக்குப் பக்கத்தில் வந்தால் மீகடத்தி. ஆறரையில் நின்றால் நைட்ரஜன் குளிர் போதாது. ஆறேகாலுக்கு இறங்கினால் வெறும் ஓட்டுச்சில்லு. கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்புதான்.

போன மாதம் அங்கீகாரக் குழு மூன்று நாள் வருகைக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் மதியம், வில்லை ஆறி முடியப் பாதி நாளுக்கு மேல் இருக்கையில், ஆய்வகப் பொறுப்புப் பேராசிரியரான உதயகுமார் பொறுக்காமல் உலையைத் திறந்துவிட்டார்.

"சார், எண்ணூறு டிகிரில இருக்குது. இப்போ எடுத்தா ஆக்சிஜன் நிக்காது சார்."

"எனக்கே கெமிஸ்ட்ரி சொல்லித் தர்றியாமா நீ?"

இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டார். சூடு தணிந்ததும் மாமனாரின் பட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். சரிகையில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று எக்ஸ்ரே விட்டுப் பார்த்துச் சீட்டு அடிக்கும் மெஷின் அங்கே உண்டு. காஞ்சிபுரத்தில் அந்தச் சீட்டுக்கு மேல் பேச்சு கிடையாது. மெஷின் ஒன்று, இரண்டு, மூன்று என்று கச்சிதமாக அச்சடித்துக் கொடுத்தது. மனிதருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. மெஷினுக்கு உலோகம்தான் தெரியும், ஆக்சிஜன் கண்ணில் படாது என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொன்னால்கூடப் பிடித்துக்கொள்ளும். இவர் சீட்டை லேமினேட் செய்தார்.

மறுநாள் குழுவின் முன்னால் சீட்டை உயர்த்திக் காட்டி, நைட்ரஜனை ஊற்றி, காந்தத்தை வைத்தார். காந்தம் வில்லைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. எடுத்து வைத்துப் பார்த்தார். அது எழுந்திருக்கவில்லை.

"அசிஸ்டென்ட் எடைய தப்பா போட்டுட்டாங்க" என்றார், கூசாமல். இந்த ஒப்பந்தத்தோடு சரி, இனி வேண்டாம் என்றார் பக்கத்தில் நின்ற கல்லூரி முதல்வர், விசாரிக்காமலே.

பதினோரு வருடம்! சங்கரி முன்னால் வந்தாள்.

"எடை தப்புன்னா சீட்டு எப்படி சார் சரியா வந்துது? நீங்கதான கையில வெச்சிக்கினு இருக்கீங்க."

குழுத் தலைவி கிருஷ்ணம்மாள் சீட்டை வாங்கிப் படித்தார். "அப்போ உலைய யாரு தொறந்தது?" என்று கேட்டார். உதயகுமார் மின்விசிறியைப் பார்த்தார். கிருஷ்ணம்மாள் சங்கரி பக்கம் திரும்பினார்.

"இதே வில்லைய சரி பண்ண முடியுமாமா?"

"நாளன்னிக்கு காட்றேன் மேடம். ரூம் சாவி மட்டும் என்கிட்ட இருக்கணும்."

மூன்றாம் நாள் அதே வில்லை, ஆக்சிஜனில் மறுபடி சூடேறி, அவசரமில்லாமல் ஆறி வந்தது. நைட்ரஜன் புகைந்தது. காந்தம் அந்தரத்தில் நின்றது. முதல்வர் முதல் ஆளாகக் கைதட்டினார். தட்டிக்கொண்டே ஒப்பந்தம் தொடரும் என்றார். அந்தக் கைகளைப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் உதயகுமார் பக்கத்தில் வந்தார். பத்து வருடம் மீகடத்திப் பாடம் நடத்திய வாயால், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உண்மைய சொல்லுமா. கூட என்ன போட்ட?"

"ஆக்சிஜன் சார். அன்னிக்கு நீங்க உலைக் கதவத் தொறந்து அனுப்பி வெச்சீங்களே, அதுதான்."