ஐந்தாம் நாள் ரத்தம்

பதினேழு வருடத்தில் அவள் எவர் ரத்தத்தைப் பார்த்தும் பயந்ததில்லை. மருத்துவமனையின் அடித்தளத்து ஆய்வகத்தில் தினமும் இருநூறு குழாய்கள் அவள் கையைக் கடந்து போகும். பார்கோடைத்தான் பார்ப்பாள், பெயரைப் பார்க்கும் பழக்கம் கிடையாது. கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் கல்நெஞ்சு. அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

அன்று காலை பெயரைப் பார்த்தாள். இரண்டாம் மாடியில், மாரடைப்பு வந்து ஐந்தாவது நாளாகப் படுத்திருக்கும் அவள் கணவரின் குழாய் அது.

உடம்புக்குள் எங்கோ அழற்சி இருக்கிறது என்று சொல்லும் சோதனைக்கு சி.ஆர்.பி. என்று பெயர். மாரடைப்பு வந்தால் முதல் இரண்டு மூன்று நாள் அந்த எண் ஏறும்; பிறகு இறங்க வேண்டும். இறங்காத சிலரை அவள் எண்ணாகவே அறிவாள். சில நாள் அந்த பார்கோடு வரும், பிறகு வராது. வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

மூன்றாம் நாள் எண்பத்தெட்டு. இன்று திரையில் நூற்று அறுபத்து நான்கு.

எதிர்பாராத எண் வந்தால் ஒரே ஒரு தடவை மறுபடி ஓட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். அவள் ஓட்டினாள். நூற்று அறுபத்தொன்று. இன்னொரு தடவை. நூற்று அறுபத்தைந்து. பக்கத்துக் கருவிக்கு மாற்றி இரண்டு தடவை ஓட்டினாள். அதுவும் இரக்கம் காட்டவில்லை.

"அக்கா, அஞ்சு தடவை ஆச்சு," என்றான் அடுத்த மேசைக்காரன். "மெஷின் என்ன உங்க வீட்டுக்காரரா, நச்சரிச்சா பதிலை மாத்திச் சொல்றதுக்கு?"

சொன்ன பிறகுதான் திரையில் இருந்த பெயரைப் படித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

முக்கால் மணி நேரம் போயிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டாள். எண்ணைக் கேட்டதும் அவர் மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார்.

"இதயத்துலேர்ந்து வருதா, கிருமித் தொத்தான்னு பார்க்கணும். அதே சாம்பிள்ல இன்னொரு டெஸ்ட் போட்டுருங்க. சீக்கிரம்மா."

குழாயைச் சாய்த்தாள். அடியில் உறைந்த சிவப்பு மட்டும் இருந்தது. சோதனைக்கு வேண்டிய, மேலே தெளிந்து நின்ற நீரை எல்லாம் அவளே ஓட்டித் தீர்த்திருந்தாள். மறுபடி குத்த வேண்டும். புதுக் குழாயை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

பஸ் ஓட்டுநரான கணவர் அவளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"வாங்க மேடம்! என்ன மார்க்கு? ஸ்கூல்லதான் முப்பத்தஞ்சைத் தாண்டவே இல்ல."

"நல்ல மார்க்குதான். கையைக் காட்டுங்க."

இடது கையை நீட்டினார். வலது கை போர்வைக்குள் இருந்தது.

"அந்தக் கை?"

"அதுலதான் மருந்து ஏத்துறாங்களே. அது கிடக்கட்டும் விடு."

போர்வையை விலக்கினாள். ஊசி செருகிய இடம் வீங்கி, அங்கிருந்து முழங்கை வரை ஒரு சிவப்புக் கோடு. தொட்டால் கொதித்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"நேத்துலேர்ந்து. சொன்னா வீட்டுக்கு விட மாட்டாங்கல்ல?"

அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தார். ஊசியை எடுத்தார்கள். டாக்டர் வந்து கையை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் வெகுநேரம் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"இந்தக் கைதான் காரணம்னா சமாளிச்சிடலாம்," என்று சொல்லிவிட்டு, வேறு மருந்து எழுதினார். கை காரணமில்லை என்றால் மிச்சமிருப்பது இதயம்தான்.

இடது கையில் அவளே நரம்பைத் தேடினாள். முதல் குத்து தவறியது. கணவர் அவள் முகத்தையே பார்த்தார். கேலி நின்றுபோனது.

"நெஜமா எவ்வளவு?"

சொன்னாள்.

"நான் வீட்டுக்கு வருவேனா?"

குழாய்க்குள் ரத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"தெரியலங்க," என்றாள். "நாளைக்குக் காலைல இறங்கியிருந்தா, ஓடி வந்து சொல்றேன்."

"இறங்கலேன்னா?"

"அப்பவும் நான்தான் வருவேன்."