ஐந்தாம் நம்பரின் குறட்டை

பத்ரிநாராயணன் வாயைத் திறந்தால் ஹைதராபாத்தில் உள்ள அத்தனை பன்றிகளும் காதை நீட்டும். அத்தனை என்பது கொஞ்சம் அளப்புத்தான். அவர் கொட்டிலில் இருக்கும் எட்டு. அதிலும் நாலாம் நம்பர், அவர் கையில் வாழைப்பழம் இருந்தால் மட்டும்.

"தேவரீர் இப்படித் திரும்பணும். எறும்பு கடிச்சாப்ல இருக்கும், அவ்வளவுதான்" என்பார். காதோரத்து நரம்பில் ஊசி ஏறி ரத்தம் குழாயில் இறங்கும்வரை பன்றி அசையாது. திருமுல்கேரிக்கு அப்பால் இருக்கும் மருந்து ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருஷமாக இதுதான் உத்தியோகம். நெற்றியில் திருமண், கையில் ரப்பர் உறை. வெங்காயம்கூடச் சேர்க்காத மனுஷருக்குப் பன்றியோடு என்ன சகவாசம் என்று அவர் குடியிருக்கும் சைனிக்புரியில் யாராவது சிரித்தால் போதும். "பெருமாளே அந்த ரூபம் எடுத்திருக்கார் ஓய். உம்ம ரூபத்தை எடுத்தாரோ?"

அவருடைய இன்னொரு பெருமை, பதிவேடு. பன்றியின் வாய்க்குள் எது போனாலும் அதில் ஏறவேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் பக்கத்தில் தப்புக்கான சிவப்பு மை பட்டதில்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டே மாதம்.

இந்த முறை சோதனைக்கு வந்தது ஒரு தூக்க மருந்து. தினமும் கொடுத்தால் ஈரல் உஷாராகிவிடும். நொதிகளைப் பெருக்கி, மருந்தைச் சீக்கிரம் கரைத்து வெளியே தள்ளும். முதல் நாள் மூன்று மணி நேரம் உருண்டு கிடந்த பன்றி பன்னிரண்டாம் நாள் அரை மணியில் எழுந்து தீனி கேட்கும். ஏழு பன்றிகள் கேட்டன. ஐந்தாம் நம்பர் மட்டும் குறட்டை.

ஆய்வுக்குத் தலைவியான டாக்டர் பூர்ணா ரத்த அறிக்கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இதுக்கு லிவரே ஃபால்ட்டி பத்ரி சார். ஸ்டடியிலேருந்து எடுத்துடலாம். மதியம் வேன் வருது."

ஆய்வை முடித்த பன்றி பண்ணைக்குத் திரும்பும். பாதியில் விலக்கியது வேனில் ஏறும். அந்த வேன் எங்கே போகிறது என்று பத்ரி ஒருநாளும் கேட்டதில்லை. இன்று திருமண் வியர்வையில் கரைந்தது.

"லிவர் இல்லேம்மா. சாத்தமுது."

"வாட்?"

"மிளகு ரசம். டிசம்பர் குளிர்ல பாவம், அதுக்கு மூக்கு ஒழுகித்து. ஆத்துல எனக்குன்னு குடுத்துவிட்டதை..."

பூர்ணாவின் பேனா நின்றது. "பெப்பரா! அது என்சைமையே பிளாக் பண்ணும் சார்! மருந்து கரையாம ரத்தத்துலயே சுத்தும், அதான் தூங்குது!" அறிக்கையை மடித்தாள். "ரசத்தை நிறுத்திட்டு மறுபடி டெஸ்ட் பண்ணலாம். வேன் வேண்டாம். பன்னி நல்ல பன்னி. நீங்கதான் ஃபால்ட்டி." பதிவேட்டையும் சிவப்புப் பேனாவையும் நீட்டினாள். "எழுதுங்க. என்ன குடுத்தீங்க, எவ்வளவு, எத்தனை நாள்."

அந்தப் பேனாவைக் கையில் வாங்கவே பத்ரிக்குக் கூசியது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "மிளகு ரசம்... ஒரு டம்ளர்... மூணு நாள்."

கொட்டில் கழுவும் வசந்தி, ஹைதராபாத் மௌலா அலியிலேயே பிறந்து வளர்ந்து தமிழில் தக்கினி உருது கலப்பவள், தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"நக்கோ சாமி, பொய் எழுதாதே. பத்து நாளு. ஃப்ளாஸ்க் முழுசா."

"அப்படியா?" என்றாள் பூர்ணா.

"ஹவ் மேடம், ஆமா. அதுவும் வெறும் ரசம் இல்ல. சோறு பிசைஞ்சு, நெய் விட்டு, ஊதி ஊதிக் குடுத்தாரு."

பத்ரி எழுதியதை அடித்தார். பத்து நாள் என்று திருத்தினார். சோறு எழுதினார், நெய் எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, நெய்க்கு முன்னால் இருந்த சிறு இடைவெளியில் 'உருக்கின' என்று நுணுக்கி நுணுக்கிச் சேர்த்தார்.