ஏழாவது கேள்வி

லூயிசா டீச்சருக்கு அந்த ஏரியின் வடிவம் நன்றாகத் தெரிந்தது. ரஷ்யாவின் தெற்கில், மங்கோலியாவுக்குச் சற்று மேலே, வாழைப்பழம் போல வளைந்து கிடக்கும். முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வரைந்து காட்டியிருக்கிறாள். பக்கத்தில் பெயரும் எழுதியிருக்கிறாள். அந்தப் பெயர்தான் வரவில்லை.

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் பங்குக் கோயிலில் ஒரு தாள் கொடுப்பார்கள். முன்பக்கம் அறிவிப்புகள், பின்பக்கம் பத்துப் பொது அறிவுக் கேள்விகள். விடைகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மாதா சிலை நிற்கும் குகை போன்ற கெபிக்குப் பக்கத்தில் இருக்கும் தகரப் பெட்டியில் மாலை ஐந்தரைக்குள் போட்டுவிட வேண்டும். பரிசு ஒரு ஜெபமாலை. லூயிசாவின் பீரோவில் பதினான்கு ஜெபமாலைகள் இருந்தன.

பதினைந்தாவது அவளுக்குத் தேவையில்லை. தேவை எட்டு மதிப்பெண்.

இரண்டு மாதத்துக்கு முன் அடுப்பில் பாலை வைத்துவிட்டு லஸ் முனைக்குக் காய் வாங்கப் போய்விட்டாள். கச்சேரி சாலைச் சந்தில் அவள் தனியாக இருக்கும் வீட்டிலிருந்து புகை வர, எதிர்வீட்டுக்காரர் பூட்டை உடைத்தார். அதற்குப் பிறகு மகள் ஜூலியட் ஞாயிறுதோறும் மதிப்பெண் கேட்க ஆரம்பித்தாள். ஆறு. ஐந்து. மறுபடியும் ஐந்து.

"மம்மி, ஒரு டாக்டரப் பாத்துடுவோம். வீட்டப் பூட்டிட்டு நங்கநல்லூருக்கு வந்து எங்ககூட இருங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லடி. கேள்வி கஷ்டமா குடுத்துட்டான்."

"சரி, அடுத்த வாரம் எட்டு எடுங்க. அப்புறம் நான் வாயே திறக்கல. ஆனா போன் பாக்கக் கூடாது, புக்கு பாக்கக் கூடாது. மாதா மேல சத்தியம்."

லூயிசா சத்தியம் செய்துவிட்டாள்.

இப்போது மணி மூன்று. காலையில் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தது நினைவிருந்தது. வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டது நினைவிருந்தது. ஏழு கேள்விகளுக்கு விடை தெரிந்தது. மடகாஸ்கரின் தலைநகர்கூட, அந்தனநரிவோ என்று தடுக்காமல் வந்தது. இரண்டு கேள்விகள் கிரிக்கெட். அது அவளுக்கு என்றைக்குமே வராது. மிச்சம், ஏழாவதாகக் கேட்டிருந்த இந்த ஏரி ஒன்றுதான். அகரத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பார்த்தாள். எந்த எழுத்திலும் ஒன்றும் மாட்டவில்லை. வலது ஆள்காட்டி விரலில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. சட்னி என்று நினைத்துப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். போகவில்லை.

பாத்திரம் தேய்க்க வந்த வேலம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, இன்னும் அந்தப் பேப்பரயே வச்சிக்கினு குந்தினுகீற?"

"உலகத்துலயே ஆழமான ஏரி எது, வேலம்மா?"

"போரூர் ஏரி போடு. எத்தினி பேரு முழுவிப் போயிருக்கான் தெரியுமா?"

லூயிசாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கியது. எழுந்துபோய் அலமாரியிலிருந்த பழைய அட்லஸின் மேல் கையை வைத்தாள். ஆசியா எந்தப் பக்கம் என்று விரலுக்கே தெரியும். ஒரே ஒரு புரட்டு, யாருக்குத் தெரியப்போகிறது? அட்லஸை ஒரு துண்டில் சுற்றி வேலம்மாவிடம் நீட்டினாள்.

"இத உன் வீட்டுல வச்சிரு. நாளைக்குக் கொண்டுவா."

"இன்னாம்மா இது, நகையா?"

"அத விட மோசம். எடுத்துட்டுப் போ."

ஐந்து மணிக்கு, டைரித் தாளைக் கிழித்து ஒன்பது எண்களுக்கு எதிரே எழுதினாள். கிரிக்கெட்டுக்கு வாய்க்கு வந்த பெயர்கள். ஏழுக்கு எதிரே ஒன்றுமில்லை. சாந்தோம் வரை நடக்கும்போது வராதா என்று பார்த்தாள். கோயில் வாசல் வரை வந்துவிட்டாள், பெயர் வரவில்லை. அந்த ஓர் இடம் காலியாகவே இருக்க, நங்கநல்லூரில் ஜூலியட்டின் வீட்டுப் பின்னறை மட்டும் கண்முன் தெளிவாக வந்து நின்றது.

கெபி முன்னால் ஜேக்கப் மேசை போட்டு, பெட்டியைத் திறந்து வைத்துத் திருத்திக்கொண்டிருந்தான். அவளிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது வங்கியில் வேலை. கேள்விகள் தயாரிப்பதும் அவன்தான்.

"வாங்க மிஸ்! கையில என்ன, ரெண்டாவது சீட்டா? கள்ள ஓட்டெல்லாம் செல்லாது மிஸ்."

"என்ன ரெண்டாவது?"

"காலைல பூசை முடிஞ்சதும் அந்த பெஞ்சுலயே உக்காந்து எழுதிப் போட்டீங்களே. என் பேனாதான வாங்கினீங்க? மை கசிஞ்சு கையெல்லாம் ஆயிடுச்சே." அவன் அடுக்கிலிருந்து ஒரு சீட்டை உருவினான். "திருத்திட்டேன். எட்டு! ஏழாவது கேள்விக்கு இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தான் சரி."

பச்சை மையில் அவளுடைய கையெழுத்து. சாய்வில்லாத, டீச்சர் கையெழுத்து. '7. பைக்கால் ஏரி.' பக்கத்தில் சின்னதாக, ஒரே இழுப்பில், அந்த வாழைப்பழ வடிவம்.

லூயிசா பெஞ்சைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்ததை, பேனா கேட்டதை, கை துடைத்ததை எங்கேயாவது பிடிக்க முடிகிறதா என்று தேடினாள். சிமெண்டு பெஞ்சு. மேலே இரண்டு காய்ந்த இலைகள். அவ்வளவுதான்.

கைப்பையில் போன் அடித்தது.

"மம்மி, எத்தனை?"

"எட்டு."

"நிஜமாவா! யாரு திருத்தினா, ஜேக்கப்பா?"

"ஆமா."

"சூப்பர் மம்மி! நான்தான் வீணா பயந்துட்டேன். சொன்னா சொன்னதுதான், இனிமே டாக்டர் பேச்சே எடுக்க மாட்டேன். ஹேப்பியா?"

மாலைப் பூசைக்கு முதல் மணி அடித்தது. அது அடங்கும் வரை லூயிசா காத்திருந்தாள். பச்சைச் சீட்டு ஒரு கையில் இருந்தது. ஏழு காலியாக இருந்த சீட்டு, போனைப் பிடித்த கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

"ஜூலியட், நாளைக்கு ஆபீஸுக்கு லீவு சொல்ல முடியுமா?"

"ஏன்? அதான் எட்டு எடுத்துட்டீங்களே."

"எடுத்தது எனக்குத் தெரியலடி."