வெட்டாத படங்களில் அம்மா

பன்னிரண்டு வருடமாகக் கலியாண வீடு, பூப்புச் சடங்கு நடக்கிற சாமத்திய வீடு என்று ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கிறவள் நான். அம்மாவின் ஆண்டுத் திவசம் வருகிறது. சுவரில் மாட்ட அம்மாவின் படம் ஒன்று என்னிடம் இல்லை. செத்தவீட்டுக்கு அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்து வைத்தோம். அதில் அம்மா யாரோ அதட்டிவிட்ட மாதிரி விழித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் "இது அவ மாதிரியே இல்லை" என்றுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது. திவசத்துக்கு முதல் அம்மாவின் முழு முகமும் தெரிகிற ஒரு படத்தைத் தேடிக் கண்டுபிடித்தே தீருவேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

ஒரு பெண்பிள்ளை கமராவையும் தூக்கிக்கொண்டு தனியே ஸ்கூட்டியில் போய் நேரம் சென்று வந்தால் எங்கள் ஊர் கோப்பாயில் நாலு பேர் கதைப்பார்கள். அதனால் முதல் நாளில் இருந்தே அம்மா பின்னால் ஏறிக்கொண்டார். லைற் பிடிக்கிற வேலை அவருடையது. அப்பா நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே இறந்துவிட்டார். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் தாலியில்லாத ஒருத்தி மணவறைக்குக் கிட்ட நின்றால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்கள் என்று நான், "அம்மா, தள்ளி நில்லுங்கோ" என்பேன். அம்மா உடம்பை வெளியே வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டி லைற்றைப் பிடிப்பார். அப்படியும் முழங்கையோ சேலைத் தலைப்போ படத்துக்குள் வந்துவிடும். வீட்டுக்கு வந்து அதை வெட்டுவேன், வெட்ட முடியாத இடத்தில் அழிப்பேன். சுத்தமான வேலை. அல்பத்தைப் பார்க்கிற எவருக்கும் அங்கே ஒருத்தி நின்றது தெரியவராது.

நான் பாவிக்கிற மென்பொருள் எடுத்த படத்தில் கை வைக்காது. படம் எடுத்தபடியே ஹார்ட் டிஸ்கில் கிடக்கும். எதை வெட்டினேன், எதை அழித்தேன், எவருடைய முகத்தை வெளிச்சமாக்கினேன் என்பதெல்லாம் கற்றலொக் என்ற தனிக் கோப்பில் பதிந்திருக்கும். அது லப்டொப்பில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அல்பத்தில் வருகிற படம். ஒவ்வொரு முறை மூடும்போதும் கற்றலொக்கைப் பிரதி எடுக்கவா என்று அது கேட்கும். பன்னிரண்டு வருடமும் நான் இப்போது வேண்டாம் என்றே அமத்தி வந்தேன்.

போன மாதம் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கியது. பயந்துபோய் புதிது ஒன்று வாங்கி, இரண்டு நாள் பக்கத்திலேயே இருந்து படம் எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். ஒரு படம்கூடத் தவறவில்லை. அந்தப் பெருமையோடு, ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்துகொண்டிருந்த லப்டொப்பையும் ரவுணில் கணினி திருத்துகிற ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எல்லாத்தையும் துடைச்சுப்போட்டுப் புதுசாய்ப் போடட்டோ? ஏதும் எடுத்து வைக்க வேணுமோ தங்கச்சி?" என்று கடைக்காரர் கேட்டார்.

"என்ரை படம் முழுக்க டிஸ்கிலை பத்திரமாய் இருக்கு அண்ணை. நீங்கள் துடைச்சு விடுங்கோ."

துடைத்துவிட்டார். எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிற வாய், நான் சொன்னால் யார் கேட்காமல் விடுவார்கள்?

அடுத்த நாள் மத்தியானம், சுள்ளென்று வெயில் எறிக்கிற நேரம், புது டிஸ்கைச் செருகி உடுவிலில் எடுத்த ஒரு கலியாணத்தைத் திறந்தேன். தாலி கட்டுகிற படம். அது எனக்கு மனப்பாடம். வலப்பக்க ஓரத்தில் வாழைமரம் நிற்கும். இப்போது வாழைமரத்துக்கு முன்னால் ஒரு கை நீண்டிருந்தது. வளையல் இல்லாத கை.

கற்றலொக் போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. கடைக்குப் போன் எடுத்துக் கேட்டேன், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் கைவிரித்துவிட்டார். போனை வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். அதிலும் அந்தக் கை. அதற்கடுத்ததில் முழங்கையும் சேலைத் தலைப்பும். வேறொரு கலியாணத்தைத் திறந்தேன். கேக் மேசைக்குப் பின்னால் தொங்கிய துணிக்குக் கீழே றப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள். மாப்பிள்ளையின் தலைக்கு மேலே சுவரில் கொண்டை போட்ட ஒரு நிழல். மணப்பொம்பிளைக்குச் சேலை உடுத்துகிற அறையில், கண்ணாடிக்குள் ஒரு முதுகு. நான் அழித்த எல்லாமே, அழித்த இடத்திலேயே திரும்பி வந்து நின்றன. யாரோ முன்பின் தெரியாதவர்களின் வீடுகளில் எல்லாம் என் அம்மா நடமாடிக்கொண்டிருந்தார்.

ஒரு குடும்பப் படத்தில் நாற்பது பேர் வரிசையாக நின்று கமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். தூணுக்குப் பின்னால் பாதி முகம். அதில் இருந்த ஒற்றைக் கண் கமராவைப் பார்க்கவில்லை, அதற்குக் கொஞ்சம் மேலே பார்த்தது. நான் நின்ற இடத்தை.

குசினியில் கோப்பை ஒன்று நகர்ந்த சத்தம் கேட்டது. பூனையாக இருக்கலாம். எழும்பிப் போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பட்டப்பகலில், பெற்ற தாய்க்குப் பயந்துகொண்டு கதிரையில் குந்தியிருந்தேன்.

பயம் கொஞ்சம் தணிய ஆசை வந்தது. இவ்வளவு படத்தில் ஒன்றிலாவது முழு முகம் இல்லாமலா போகும்? மூன்று நாள் வேறு வேலை பார்க்கவில்லை. சமைக்கவும் இல்லை, பாணும் சம்பலுமாகக் கழிந்தது. கை கிடைத்தது, கால் கிடைத்தது, காது கிடைத்தது. முகம் வர வேண்டிய இடத்தில் பிடரிதான் இருந்தது. நான் அகலமாக எடுத்த படங்களில் அவர் இன்னும் தள்ளிப் போயிருந்தார். நான் திரும்பிய பக்கம் எல்லாம் அவர் மறுபக்கம் திரும்பியிருந்தார். ஒரு மனிசி பதினொரு வருடம் ஒருமுறைகூடப் பிசகாமல் இப்படி ஒளிக்க முடியுமா? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒருக்கால் திரும்புங்கோவன் அம்மா என்று திரையைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

அம்மா வந்த வேலைகள் எல்லாம் முடிந்தும் கை நிற்காமல் அடுத்ததைத் திறந்தது, அரியாலையில் ஒரு சாமத்திய வீடு. அம்மாவின் முப்பத்தொராம் நாள் சடங்கு முடிந்த பிறகு நான் தனியாகப் போன முதல் வேலை. பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிற படத்தைத் திறந்தேன். இடப்பக்க ஓரத்தில், லைற்றைப் பிடித்தபடி, வளையல் இல்லாத ஒரு கை.

திகதியைப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். அம்மாவை எரித்து நாற்பது நாள் கழிந்திருந்தது. அல்பத்துக்குக் கொடுத்த படத்தில் இந்தக் கை இல்லை, ஆகவே இதையும் நான் வெட்டித்தான் இருக்கிறேன். வெட்டும்போது இது யாருடையது என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

அந்த வீட்டுக்கே போன் எடுத்தேன். பிள்ளையின் தாய்தான் கதைத்தார். அவருடைய மூத்த மகளின் கலியாணத்துக்கும் நான்தான் படம் எடுத்தேன், அதற்கு அம்மாவும் என்னோடு வந்திருந்தார்.

"அன்ரி, சாமத்திய வீட்டிலை அண்டைக்கு எனக்கு ஆர் லைற் பிடிச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான் பிள்ளை. துணைக்கு ஆளில்லாமல் நீங்கள் அந்தரப்பட்டுக்கொண்டு நிண்டீங்கள். நான் வாங்கிப் பிடிச்சனான்."

எனக்கு மூச்சு வந்தது. அவரும் புருஷன் இல்லாதவர் என்பது அப்போதுதான் நினைவில் தட்டியது.

"நீங்கள் என்னைத் தள்ளி நில்லுங்கோ எண்டனீங்கள்" என்றார் அவர். "எங்கடை வீட்டிலை என்னை ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்லை. தாய் செத்த துக்கத்திலை நிக்கிற பிள்ளை எண்டு நான் ஒண்டும் கதைக்கேல்லை."

சொந்தப் பிள்ளையின் சாமத்தியத்தில் ஒரு தாயைப் படத்துக்கு வெளியே நிறுத்தி, பிறகு வெட்டியும் எறிந்திருக்கிறேன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி என்று சொன்னேன். பிறகு, கேட்க வாய் கூசினாலும், மூத்த மகளின் கலியாணத்தில் யாராவது போனில் அம்மாவை எடுத்த படம் இருக்குமா என்று கேட்டேன். திவசத்துக்குத் தேவை, என்னிடம் ஒன்றுகூட இல்லை என்றேன்.

"இல்லைப் பிள்ளை. குடும்பப் படத்துக்கு நானே அவவைக் கையிலை பிடிச்சு இழுத்தனான். நாங்கள் உதுகள் ஒண்டும் பாக்கிறேல்லை, வந்து நில்லுங்கோ எண்டனான். அவ வரவே மாட்டன் எண்டிட்டா."

"ஏனாம்?"

"சிரிச்சுக்கொண்டு சொன்னவ. 'நான் வந்து நிண்டால் பிறகு என்ரை பிள்ளைக்குத்தான் வேலை. குந்தியிருந்து என்னை வெட்ட வேணும், பாவம்' எண்டு."

நான் வெட்டுவது அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.