பிரிஜெட் மிஸ் திருத்தாத தாள்

தாள் கைக்கு வந்ததும் பிரிஜெட் மிஸ் எழுத்தைப் பார்க்க மாட்டாள். தாளைத் திருப்பிப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுவாள். எழுத்து அங்கே புடைத்துக்கொண்டிருந்தால் நிமிராமலே கேட்பாள்: "யார் மேல கோவம்? பேனா பாவம், ஸ்வல்ப மெதுவா." முக்கால்வாசி நேரம் அது சரியாகவே இருக்கும். காலையில் அண்ணனிடம் உதை வாங்கிய பிள்ளை திருதிருவென முழிக்கும்.

வித்தை ஃபாக்டரியில் வந்தது. ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் அவள் தையல் சரிபார்க்கிற செக்கர். சட்டை கைக்கு வந்தால் முதல் வேலையாக உள்பக்கத்தைப் புரட்டுவாள். வெளியே எந்தத் தையலும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும் என்பாள். வாரமெல்லாம் நின்றபடி இந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே பிரியாணிக்கு ஓடும்போது, இவள் ஈஜிபுராவில் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்கப் பாய் விரிப்பாள். கால் வலிக்காதா அம்மா என்று யாராவது கேட்டால், அதனால்தானே உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பிடித்திருக்கிறேன் என்று சிரிப்பாள்.

வருகிற பிள்ளைகளுக்கு ஸ்கூலில் இங்கிலீஷும் கன்னடமும். தமிழ், வீட்டில் திட்டு வாங்கவும் கோயிலில் பாடவும் மட்டும். அதனால் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஜெபங்களையே பார்த்து எழுத வைக்கிறாள். வாயில் ஏற்கெனவே இருப்பதைக் கைக்கு இறக்கினால் போதும் என்பது அவள் கணக்கு. அதிலும் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு வரியை வாசிக்க வேண்டும், அர்த்தம் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பேனா. "சும்னே காப்பி அடிக்காத. எழுதிட்டா அது நீ சொன்னது." அவள் தண்ணீர் குடிக்கப் போனால் போதும், பின்வரிசையில் ஒருத்தி அதே குரலில் இதைச் சொல்லிக் காட்டுவாள். நன்றாக எழுதினால் கடலை மிட்டாய். மோசமாக எழுதினாலும் உண்டு, அழாமல் எழுதியதற்காக. ஒயிட்னரைக் கண்டால் மட்டும் பத்திரகாளி ஆகிவிடுவாள்.

கோயில் திருவிழாப் பூசையில், காணிக்கைப் பவனியோடு பிள்ளைகள் எழுதிய தாள்களும் பீடத்துக்குப் போகும். எல்லாருக்கும் ஒரே பாடம், கர்த்தர் கற்பித்த ஜெபம். பிரிஜெட்டும் வருஷா வருஷம் ஒரு தாள் எழுதிச் சேர்ப்பாள். இந்த வருஷம் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, ஒன்பது வயது லீனாவின் தாளில் இரண்டு வரிகளைக் காணோம். அப்பம் கேட்கிற வரிக்கு அடுத்து நேராகச் சோதனையைப் பற்றிய வரி. நடுவில் வரவேண்டிய மன்னிப்பு இல்லை. பின்பக்கத்தைத் தடவினாள். எங்கேயும் தடுமாற்றம் இல்லை, ஒரே சீரான கை.

"லீனா, ரெண்டு வரி விட்டுப்போச்சு பாரும்மா."

"விட்டுப்போகல மிஸ். நான்தான் எழுதல."

லீனாவின் அம்மாவை ஈஜிபுரா சிக்னல் பக்கம் பைக்கில் வந்த ஒருத்தன் இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தான். அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அம்மா இப்போதும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். கெடுதல் செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று அந்த வரியில் இருக்கிறதே, நான் இன்னும் மன்னிக்கவில்லையே, எப்படி எழுதுவது என்றாள் பெண். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சரி, அதற்கு அடுத்த வரி உன் தப்பை மன்னிக்கச் சொல்லிக் கேட்பதுதானே, அதை ஏன் விட்டாய் என்று கேட்டாள் பிரிஜெட்.

"நான் குடுக்கலையே மிஸ். அப்புறம் எனக்கு மட்டும் எப்படிக் கேக்கறது?"

பிரிஜெட் தாளை மறுபடியும் கையில் எடுத்தாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த வரியின் அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்தவள் அவள். இப்படி அதன் எதிரே போய் நின்ற ஒருத்தரை அவள் பார்த்ததே இல்லை, பெரியவர்களிலும் பார்த்ததில்லை.

விஷயம் கோயில் ஃபாதர் லாயிடிடம் போனது. நல்ல மனிதர், அவர் பக்கமும் நியாயம் இருந்தது. பாதி ஜெபத்தைப் பீடத்தில் வைக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து எழுத வையுங்கள், இல்லையென்றால் இந்த வருஷம் அவள் தாள் வேண்டாம் என்றார். எழுத வைப்பது பெரிய காரியமா? மிஸ் ஒரு அதட்டு அதட்டினால் குழந்தை எழுதிவிடும். அதற்கப்புறம் அந்தக் கை எதை எழுதினாலும் வெறும் எழுத்துதான். எழுத வைக்காவிட்டால், தாள் இல்லாத ஒரே பிள்ளையாக, அம்மா பார்க்கப் பார்க்க அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வாரம் பூராவும் பிரிஜெட் கையில் சட்டையைப் பிடித்தபடி இதையேதான் யோசித்தாள். சூப்பர்வைசர் இரண்டு முறை கூப்பிட்டது காதில் விழவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தன் தாளை எழுத உட்கார்ந்தாள். அப்பம் வரைக்கும் முத்து முத்தாக வந்தது. அப்புறம் பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் ஆடுகோடியில் இருக்கிற டொமினிக், கூடப் பிறந்த அண்ணன். ஏதோ சண்டையை மனதில் வைத்துக்கொண்டு, அம்மா செத்ததை அடக்கம் முடிந்த பிறகு ஆள் விட்டுச் சொன்னவன். அன்றிலிருந்து இவள் அவன் முகத்தில் முழித்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அந்த வரியை, வளைவு பிசகாமல், அழகு பார்த்து எழுதியிருக்கிறாள். ஐயோ, எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. குழந்தை சொன்னதைத் தானும் சொல்லிப் பார்த்தாள். நான் குடுக்கலையே, எனக்கு மட்டும் எப்படிக் கேட்பது? சொல்லவே பயமாக இருந்தது. இத்தனை பெரிய பயத்தையா அந்தச் சின்னப் பெண் தனியாகத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்?

இரண்டு வரிகளையும் விட்டுவிட்டு, சோதனையைப் பற்றிய வரியை எழுதினாள்.

மறுநாள் பவனி கிளம்பும் முன் ஃபாதர் வாசலில் தாள்கட்டுக்காகக் கையை நீட்டினார். கட்டின் மேலே இரண்டு தாள்கள் ஒன்றாகப் பின் அடித்து இருந்தன. முதலாவது பிரிஜெட்டின் கை, ஃபாதருக்கு நன்றாகத் தெரிந்த கை. வாசித்தார், புரட்டி அடுத்ததையும் வாசித்தார், நிமிர்ந்தார்.

"எங்க ரெண்டு பேருக்கும் மன்னிக்க இன்னும் வரல ஃபாதர்," என்றாள் பிரிஜெட். "வரலங்கறதையும் ஆண்டவர்கிட்டதானே கொண்டுபோகணும்?"

உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. ஃபாதர் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிரிஜெட் அதை லீனாவின் கையில் வைத்து, அவளை வரிசையின் முதலில் நிறுத்திவிட்டு, தான் அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.