லுவோ ஷூமின் திருத்திக் கொடுத்த வாக்குமூலம்

பள்ளி மைதானத்து ஓடுபாதையைப் பற்றி லுவோ ஷூமின் செல்போனில் எழுதிய முதல் பதிவு ஏழு நிமிடம் உயிரோடு இருந்தது. எட்டாவது நிமிடம் அந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டமும், 'விதிமீறல் காரணமாக இந்த உள்ளடக்கத்தைக் காட்ட இயலாது' என்ற ஒரு வரியும்தான் மிச்சம். ஷூமின் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை படித்தாள். கோபம் வரவில்லை. 'எந்த வார்த்தையில மாட்டியிருக்கும்?' என்றுதான் யோசித்தாள்.

தொழில் அப்படி. அந்த ஆற்றங்கரை நகரத்தின் செய்தித்தாளில் முப்பத்தோரு வருஷம் மெய்ப்புப் பார்த்தவள் அவள். எழுத்துப் பிழை பார்ப்பது பாதி வேலைதான். போடக் கூடாத சொற்களின் பட்டியல் ஒன்று வாராவாரம் மேலிடத்திலிருந்து வரும். அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக அந்தச் சொற்களைத் தேடி அடிப்பது மீதி வேலை. ஒரு தடவை ஒரு தலைவரின் பதவிப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போய், அச்சான அத்தனை பிரதியும் காகிதக் கூழ் ஆலைக்குப் போனது. அதற்குப் பிறகு அவள் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை. ஓய்வு பெற்ற அன்று மேஜையைக் காலி செய்யும்போது பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னாள்: "இத்தனை வருஷத்துல நான் ஒண்ணு கத்துக்கிட்டேன்டி. பட்டியல் போடறவங்க படிக்கிறதில்ல. தேடறாங்க, அவ்வளவுதான்."

கணவர் போய் ஆறு வருஷம். மகள் யீலின் சாங்ஷா நகரத்தில் ஓர் அரசு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். ஷூமின் தனியாக நான்காம் மாடியில் இருக்கிறாள். 'நான்காம் மாடி' என்ற பெயரிலேயே செல்போனில் ஒரு பக்கம் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் நின்றுபோனது, கத்தரிக்காய் விலை, கணவர் ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்கள் என்று பதினோரு வருஷத்துச் சங்கதிகள். முந்நூறு பேர் படிப்பார்கள். எல்லாரும் அவளை 'லுவோ டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. எழுத்தோடு பிழைப்பவர்களுக்கு அங்கே அதுதான் மரியாதை.

அவளுடைய பால்கனிக்கு நேர் கீழே ஆரம்பப் பள்ளியின் மைதானம். மார்ச் மாதம் அங்கே சிவப்பு ரப்பரில் புது ஓடுபாதை போட்டார்கள். ஏப்ரலில் வெயில் ஏற ஆரம்பித்ததும் டயர் எரிகிற மாதிரி ஒரு நாற்றம் மேலே ஏறி வந்தது. துணி உலர்த்தினால் துணியிலும் அதே நாற்றம். இரண்டாம் மாடியில் குடியிருந்த வென் என்பவளின் மகள் அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஒரே வாரத்தில் அவளுக்கு நாலு தடவை மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

"அவ மட்டும் இல்ல டீச்சர்," என்றாள் வென். "அவ வகுப்புல மட்டும் ஒன்பது பேரு. மூணாம் வகுப்பு மொத்தமாப் பார்த்தா இருபத்துமூணு. ஸ்கூல்ல கேட்டா, பிள்ளைங்க மூக்க நோண்டுதுங்கன்னு சொல்றாங்க. பெற்றோர் குழுவுல எழுதினேன். எழுதின கையோட காணாமப் போச்சு. என்னையும் குழுவுலேர்ந்து தூக்கிட்டாங்க."

"நான் எழுதறேன்," என்றாள் ஷூமின்.

அப்படி எழுதியதுதான் அந்த ஏழு நிமிடப் பதிவு. அடுத்த மூன்று நாள் அவள் சோதித்துப் பார்த்தாள். 'ஓடுபாதை' என்று போட்டால் போய்விடுகிறது. 'மூக்கு', 'ரத்தம்' இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் போய்விடுகிறது. பள்ளியின் பெயர் தனியாக வந்தால் நிற்கிறது. 'நாற்றம்' என்ற சொல்லோடு சேர்ந்து வந்தால் நிற்பதில்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். நாலாம் நாள் காலையில் அரிசி நூடுல்ஸைச் சாப்பிட்டு முடித்து, வாயில் மிளகாய்க் காரம் அடங்குவதற்குள் உட்கார்ந்து ஒரு சமையல் குறிப்பு எழுதினாள்.

'சிவப்புக் கறி செய்யும் முறை' என்று தலைப்பு; அந்த ஊரில் எல்லா வீட்டிலும் சமைக்கிற பன்றிக்கறிதான் அது. நானூறு மீட்டர் சுற்றளவுள்ள நீள்வட்டத் தட்டு ஒன்று எடுத்துக்கொள்ளவும். கறியை மார்ச் மாதத்தில் பரப்பவும். வெயிலில் வேகவிடவும். பதம் வந்துவிட்டது என்பதை நான்காம் மாடியிலிருந்தே முகர்ந்து அறியலாம். எட்டு வயதுக்காரர்கள் இருபத்துமூன்று பேர் இதுவரை ருசி பார்த்திருக்கிறார்கள், அனைவரின் கைக்குட்டையும் கறியின் நிறத்துக்கு வந்துவிட்டது. சமையல்காரர் யார், சரக்கு எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டால் பதில் இல்லை.

குறிப்பு நின்றது. ஒரு நாள், இரண்டு நாள் நின்றது. முந்நூறு பேர் படிக்கிற பக்கத்தை நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். கீழே வந்த பதில்களோ அதைவிடச் சுவை. 'எங்க பேட்டையிலயும் இதே கறிதான் பரிமாறறாங்க', 'என் பேரன் இந்தக் கறி சாப்பிட்டு ரெண்டு வாரமா இருமறான்', 'நீச்சல்குள சூப் செய்முறையும் போடுங்க டீச்சர்'.

மூன்றாம் நாள் மத்தியானம் சந்தைக்குப் போனவளைப் பன்றிக்கறிக்கடை பெங் வழிமறித்தான். வாயில் அதக்கிய பாக்கோடு, கையில் வெட்டுக்கத்தியோடு கடைக்கு வெளியே வந்து நின்றான்.

"லுவோ அக்கா! உனக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"ஏன், என்ன ஆச்சு?"

"தினம் காலையில வாடிக்கைக்காரங்க குழுவுல விலை போடுவேன்ல? இன்னிக்கு 'சிவப்புக் கறிக்கு ஏத்த தொப்பைக்கறி வந்திருக்கு'ன்னு போட்டேன். போன கையோட தூக்கிட்டானுங்க! மறுபடி போட்டேன். ஒரு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாதுன்னு பூட்டிட்டானுங்க. பன்னிக்கறி விக்கிறவன் பன்னிக்கறின்னு சொல்லக் கூடாதா? எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்புறம் மீன்காரிதான் சொன்னா, உன் வேலை இதுன்னு."

ஷூமினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சந்தையே கூடிவிட்டது. கறிக்கு ஏன் தடை என்று தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டார்கள். செல்போனே வைத்திருக்காத கிழங்குக்காரர் வரைக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. பெங் கொஞ்ச நேரம் கத்தினான், பிறகு பாக்கைத் துப்பிவிட்டுக் கேட்டான்: "நெஜமாவே பிள்ளைங்களுக்கு ரத்தம் வருதா?"

"வருது."

"அப்ப எழுது. நான் பலகையில எழுதி மாட்டிக்கிறேன். பலகையை யாரு அழிக்கிறான்னு பார்ப்போம்."

அன்று சாயங்காலமே 'நான்காம் மாடி' மூடப்பட்டது. சமையல் குறிப்பு மட்டும் போகவில்லை. பதினோரு வருஷமும் போனது. கணவரின் கடைசி மாதங்களைப் பற்றி எழுதியதற்கு அவளிடம் வேறு பிரதி இல்லை. அன்றைக்கு மட்டும் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, எங்க மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாரு. 'உங்கம்மா உடம்பு நல்லாயிருக்கா? ரொம்ப யோசிக்கிறாங்களாமே'ன்னு கேட்டாரு. நீ என்ன பண்ணி வச்ச?"

"சமையல் குறிப்பு எழுதினேன்."

"விளையாடாதம்மா! எனக்கு இந்த வருஷம் பதவி உயர்வு வரணும். அது யார் வீட்டுப் பிள்ளையோ? உனக்கென்ன வந்துச்சு?" அழுகை குரலில் வந்துவிட்டது. "நீ பென்ஷன் வாங்கிட்டு நிம்மதியா இருக்கலாம். நான்தானம்மா மாட்டுவேன்."

அரசாங்கத்தின் அதட்டலுக்கு அவள் பயப்படவில்லை. ஆனால் அதட்டல் மகள் வாய் வழியாக வந்தபோது அடங்கிப்போனாள். நாலு நாள் எதுவும் எழுதவில்லை, பால்கனிக் கதவைக்கூடத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் குப்பை கொட்டக் கீழே இறங்கினாள். படியில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. இரண்டாம் மாடி வரைக்கும் போயிருந்தது. வென் மண்டியிட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஷூமின் குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு அவளோடு சேர்ந்து துடைத்தாள்.

மேலே வந்து மகளுக்கு ஃபோன் போட்டாள். "யீலின், எனக்கு உன்மேலதான் கவலை. அதனாலதான் நாலு நாள் சும்மா இருந்தேன். இனிமே இருக்க முடியாது. உங்க மேனேஜர் கேட்டாருன்னா, 'அம்மா நான் சொல்றதக் கேக்க மாட்டேங்கறா, சண்டை போட்டுட்டோம்'னு சொல்லிடு."

"சண்டைதான் போட்டுட்டோம்," என்று யீலின் ஃபோனை வைத்தாள்.

காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது அதற்கு மறுநாள். ஷியாங் என்ற அதிகாரி, முப்பது வயதிருக்கும். "லுவோ டீச்சர், வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்களேன்," என்றான். அந்த ஊரில் போலீஸ் டீ குடிக்கக் கூப்பிட்டால் அது விசாரணைக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஷூமின் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனாள்.

டீ நிஜமாகவே வந்தது, காகிதக் கோப்பையில். அவள் செல்போனை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஷியாங் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினான். தலைப்பு 'உறுதிமொழிக் கடிதம்'. "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க. பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல."

ஷூமின் படித்தாள். பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஷியாங்குக்கு நிம்மதி. ஆனால் பேனா கையெழுத்து இடத்துக்குப் போகவில்லை, மூன்றாம் வரிக்குப் போனது.

"தம்பி, 'சமூக ஒழுங்கு'ல எழுத்து மாறியிருக்கு. இங்க பாருங்க, ஒரே வாக்கியத்துல 'நான்' ரெண்டு தடவை. இந்தக் கமா இங்க வரக் கூடாது."

"டீச்சர், அதெல்லாம் பரவாயில்ல..."

"எனக்குப் பரவாயில்லையா? முப்பத்தோரு வருஷம் இதுதான் என் பிழைப்பு. பிழையோட இருக்கிற தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவன் பெருமூச்சு விட்டான். திருத்தித் திரும்ப அச்செடுத்துக் கொண்டுவந்தான். அவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள்.

"இன்னும் ஒரு பிழை இருக்கு. பெரிய பிழை. 'வதந்தி பரப்பினேன்'னு போட்டிருக்கீங்க. வதந்தின்னா பொய்ச் செய்தி. பொய்னு யாரு சோதிச்சா? சோதனை அறிக்கை இருந்தாக் காட்டுங்க, இப்பவே போடறேன்."

"அறிக்கை கல்வி அலுவலகத்துல இருக்கும்."

"கேட்டுப் பாருங்களேன். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. டீ சூடாத்தான் இருக்கு."

ஷியாங் வெளியே போய் ஃபோனில் பேசினான். திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று. முகம் தொங்கிப்போயிருந்தது. கல்வி அலுவலகம் ஒப்பந்தக்காரரைக் கேட்கச் சொன்னது, ஒப்பந்தக்காரர் ஃபோனை எடுக்கவில்லை. அறிக்கை என்று ஒன்று எங்கேயும் இல்லை.

"சரி, என்னதான் போடணுங்கறீங்க?" என்றான். ஆறு மணிக்கு அவன் வீட்டுக்குப் போக வேண்டும்.

"உள்ளதைப் போடுங்க. 'இதுவரை சோதனை செய்யப்படாத ஓடுபாதை பற்றிய தகவலை வெளியிட்டேன்'."

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான் பட்டது. தட்டச்சு செய்தான். அவள் கையெழுத்துப் போட்டு, சிவப்பு மையில் பெருவிரலையும் பதித்தாள். "ஒரு பிரதி?" என்று கேட்டாள். பிரதி தர விதி இல்லை என்றான். பரவாயில்லை என்று எழுந்துகொண்டாள். அச்சுக்குப் போகிற பக்கத்தை ஒரு தடவை பார்த்தால் வரி மாறாமல் சொல்கிறவளுக்குப் பிரதி எதற்கு?

நேரே வென் வீட்டுக்குப் போனாள். தாளின் நம்பர், தேதி, வாசகம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல வென் எழுதிக்கொண்டாள். அடுத்த இரண்டு நாளில் அது செல்போனில் போகவில்லை, படிக்கட்டில் போனது. ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு, பள்ளி விடுகிற நேரத்தில் ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய்க்கு. பெங் கறிப் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்தான். திங்கள்கிழமை காலை நாற்பத்தோரு பெற்றோர் கல்வி அலுவலக வாசலில் வரிசையாக நின்றார்கள். கோஷம் இல்லை, அட்டை இல்லை. ஆளுக்கொரு கடிதம், அவரவர் கையெழுத்தில். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: இந்த ஓடுபாதை இதுவரை சோதனை செய்யப்படவில்லை என்று காவல் நிலையப் பத்திரம், நம்பர் இன்னது, சொல்கிறது. எப்போது சோதனை செய்வீர்கள்? குமாஸ்தா நாற்பத்தொன்றுக்கும் முத்திரை குத்தி ரசீது கொடுக்க வேண்டியதாயிற்று.

மத்தியானம் ஷியாங் கூப்பிட்டான். "டீச்சர், என்னை இப்படி ஏமாத்திட்டீங்களே!"

"நான் எங்கப்பா ஏமாத்தினேன்? தட்டச்சு பண்ணினது நீங்க."

எதிர்முனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தணிந்த குரலில், "எங்க அக்கா பையனும் அந்த ஸ்கூல்தான்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஜூன் கடைசி வரை மைதானத்தைப் பூட்டி வைத்தார்கள். கோடை விடுமுறை தொடங்கிய நாலாம் நாள் லாரிகள் வந்தன. சிவப்பு ரப்பரைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓர் அறிவிப்பும் இல்லை, காரணமும் சொல்லவில்லை, யார்மேலும் நடவடிக்கை இல்லை. செய்தித்தாளில் 'பள்ளி மைதானம் அழகுபடுத்தப்படுகிறது' என்று ஒரு பத்தி வந்தது. செப்டம்பரில் பிள்ளைகள் வெறும் மண்ணில் ஓடினார்கள். வென் மகளுக்கு மூக்கில் ரத்தம் வருவது நின்றுவிட்டது.

யீலினுக்கு அந்த வருஷம் பதவி உயர்வு வரவில்லை. காரணம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இலையுதிர்கால விழாவுக்கு வந்தவள் முதல் நாள் பூராவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் நாள் காலை பால்கனியில் நின்று கீழே பார்த்தாள். "மண்ணுதான் நல்லாயிருக்கு," என்றாள். பிறகு உள்ளே வந்து அம்மாவின் செல்போனை வாங்கி, புதிதாக ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். "என் பேரு எதுலயும் வரக் கூடாது, சொல்லிட்டேன்."

ஷூமின் இப்போதும் எழுதுகிறாள். சில பதிவுகள் நிற்கின்றன, சில சாயங்காலத்துக்குள் போய்விடுகின்றன. எதை எழுதினாலும் முதலில் நோட்டில் கையால் எழுதிவிட்டுத்தான் செல்போனில் ஏற்றுகிறாள். தலைநகரில் பெரிய கூட்டம் ஏதாவது நடக்கிற வாரங்களில் ஷியாங் ஒரு ஃபோன் போடுவான், அவள் எங்கே இருக்கிறாள் என்று மேலிடத்துக்கு எழுத வேண்டுமே.

"டீச்சர், இந்த வாரம் வெளியூர் எங்கயாவது போறீங்களா?"

"வெளியூர் இல்ல தம்பி. வியாழக்கிழமை முடி வெட்டிக்கப் போறேன். சாயம் போடலாமா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல. அதையும் எழுதிக்கோங்க."

அவன் எழுதிக்கொள்கிறான்.